சிங்கப்பூரின் மரக்காளான்கள்: எப்போது போய் எண்ணுவது?

நடைபாதையின் குறுக்கே மரம் சாய்ந்தால் வழியை அடைக்கும் பகுதியை மட்டும் அறுத்து, துண்டுகளை ஓரமாக உருட்டிவிடுவார்கள். மீதி கிடந்த இடத்திலேயே மக்கும். சிங்கப்பூரின் புக்கிட் தீமா, மெக்ரிட்சி காட்டுப்பாதைகளில் நடப்பவர்கள் இந்தத் துண்டுகளைத் தாண்டித்தான் போகிறார்கள், பெரும்பாலும் பார்க்காமலேயே. மரத்தில் வளரும் காளான்களைக் கணக்கெடுக்க இவற்றைவிட வசதியான இடம் இந்தத் தீவில் கிடையாது. பாதையை விட்டு இறங்க வேண்டாம். ஒரே மரத்தின் துண்டு ஒன்று வெயிலில் கிடக்கும், இன்னொன்று நிழலில் கிடக்கும். அடுத்த மாதம் போனாலும் அதே கட்டை அதே இடத்தில் இருக்கும்.

எந்த மாதம் போனால் நிறையப் பார்க்கலாம் என்பதுதான் எல்லாரும் முதலில் கேட்பது. ஐரோப்பியக் கையேடுகளைப் படித்தவர்கள் இலையுதிர்காலம் என்ற விடையோடு வருகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் ஐப்பசி அடைமழையையும், இடி இடித்தால் காளான் முளைக்கும் என்ற பாட்டி வாக்கையும் நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே இரண்டுமே அரைகுறையாகத்தான் பொருந்தும். இடிக்கும் காளானுக்கும் உள்ள தொடர்பு, இடியோடு வரும் மழைதான்.

சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,113 மி.மீ. மழை பெய்கிறது, மழை நாள்கள் 171. கோடை, குளிர் என்ற பிரிவு இல்லை. ஆனால் மழை சீராகப் பெய்வதில்லை. வடகிழக்குப் பருவக்காற்றின் ஈரமான பாதி டிசம்பரும் ஜனவரியும். டிசம்பரில் மட்டும் சராசரி 300 மி.மீ.யைத் தாண்டும். அதே காற்றின் வறண்ட பாதி பிப்ரவரியும் மார்ச் தொடக்கமும். தைப்பூசம் முடிந்த கையோடு தரை காயத் தொடங்கிவிடும். பிப்ரவரியின் சராசரி 100 மி.மீ. அளவுதான். மார்ச் கடைசியிலிருந்து மே வரையும், பிறகு அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை சுமத்ரா பக்கமிருந்து வரும் சூறைக்காற்று விடியுமுன்பே ஒரு மணி நேரம் கொட்டிவிட்டுப் போய்விடும்.

இது சராசரிக் கணக்கு. 2014 பிப்ரவரியில் சாங்கி வானிலை நிலையத்தில் பதிவான மொத்த மழை 0.2 மி.மீ. அந்த மாதத்தில் எடுத்த கணக்கையும் இன்னொரு பிப்ரவரியில் எடுத்த கணக்கையும் பக்கத்தில் வைத்துக் ‘காளான் கூடியிருக்கிறது’ என்று எழுதினால், கூடியது மழைதான். அதனால் குறிப்பேட்டில் மாதத்தின் பெயரைவிட முக்கியமான இரண்டு எண்கள் உண்டு: முந்தைய 7 நாள் மழை, முந்தைய 30 நாள் மழை. வானிலை ஆய்வகத்தின் இணையத்தளத்தில் நிலையவாரியாக அன்றாட மழையளவு கிடைக்கும். நீங்கள் நடக்கும் காட்டுக்கு அருகிலுள்ள நிலையத்தின் எண்ணையே எடுங்கள். மேற்கே ஜூரோங்கில் குடை தேடும் நேரத்தில் கிழக்கே பாசிர் ரிஸ்ஸில் துணி காயும் ஊர் இது. நெருங்கிய மரக்கவிகைக்கு அடியில் இரண்டு மூன்று மி.மீ. தூறல் இலையிலேயே தங்கி ஆவியாகிவிடும்; கட்டை நனையாது. மழை நாள் என்று எண்ணும்போது அதைச் சேர்க்காதீர்கள்.

அடுத்தது, எந்தக் காளான் எத்தனை நாள் நிற்கும் என்பது. கணக்கெடுப்பின் நேரத்தை முடிவு செய்வது பாதிக்கு மேல் இதுதான். விடையும் இந்த ஊரிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. தாவரவியல் பூங்காவில் 1929 முதல் உதவி இயக்குநராக இருந்த இ.ஜே.எச். கார்னர், 1932இல் ஒரு சின்ன மரக்காளானின் உடலைப் பிரித்துப் பார்த்து, அதன் இழைகள் ஒரே வகை அல்ல என்று காட்டினார். உயிருள்ள, வித்துகளை (விதை போலப் பரவும் நுண்தூளை) உருவாக்கும் மெல்லிய இழைகள் ஒரு வகை. தடித்த சுவருள்ள, எலும்புக்கூடு போல் தாங்கும் இழைகள் இன்னொரு வகை. கிளைவிட்டு இவற்றைக் கட்டிப்போடும் இழைகள் மூன்றாவது. அவர் எடுத்த காளான் இன்று மைக்ரோபோரஸ் சாந்தோபஸ் எனப்படுகிறது. இந்தத் தீவில் காட்டுப்பாதை ஓரத்தில் அடிக்கடி கண்ணில் படும் மரக்காளான்களில் அதுவும் ஒன்று.

அதைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். புனல் வடிவக் குடை, அட்டை அளவுக்குத்தான் கனம். மேலே காப்பிப் பொடி நிறத்திலிருந்து செம்பழுப்பு வரை வளையம் வளையமாகக் கோடுகள், மினுமினுப்பு. அடிப்பக்கம் வெள்ளைத் துணி போல் வழவழவென்று இருக்கும். 10 மடங்கு கைலென்ஸை வைத்தால்தான் அது முழுக்கத் துளை என்று தெரியும், ஒரு மில்லிமீட்டரில் எட்டு அல்லது அதற்கும் மேல். தண்டின் அடி, மரத்தைத் தொடும் இடத்தில், மஞ்சள் வட்டில் ஒன்றை ஒட்டிவைத்தது போல் இருக்கும். கிழிக்க முயன்றால் தோல் செருப்பைக் கிழிப்பது போல. அந்த விறைப்புதான் கார்னர் சொன்ன இரண்டாவது, மூன்றாவது இழைகள். அதனால் இது முளைத்த மழை ஓய்ந்து மாதங்கள் ஆன பிறகும், செத்த பிறகும், நின்றுகொண்டே இருக்கும். வெளுத்து, பச்சைப் பாசி படிந்த சாந்தோபஸைப் பார்த்து ‘இப்போது பருவம்’ என்று எழுதுவது, போன வாரத்துக் கோலத்தைப் பார்த்து இன்று விசேஷம் என்பது போல.

முதல் வகை இழை மட்டும் உள்ள காளான்களின் கதை வேறு. அடிமரக்கட்டையில் நூற்றுக்கணக்கில் குவியும் சின்னச் சாம்பல் குடையான கோப்ரினெல்லஸ் டிசெமினேட்டஸ் இரண்டு மூன்று நாளில் தொய்ந்து போகும். இருட்டில் பச்சையாக ஒளிரும் ஃபிலோபோலெட்டஸ் மானிபுலாரிஸும் சில நாள் விருந்தாளிதான். மாதம் ஒருமுறை போகிறவருக்கு இவற்றில் பெரும்பாலானவை கண்ணில் படாது. அவர் எடுக்கும் பட்டியலில் தடித்த தோல் காளான்களே நிறைந்திருக்கும். காடு அப்படி என்று நினைத்துக்கொள்வார். வருகையின் இடைவெளி அப்படி, அவ்வளவுதான்.

மூன்றாவது கூட்டம் ஏமாற்றுக்காரக் கூட்டம்: காய்ந்து சுருங்கி, மழை வந்ததும் உயிர்த்தெழுபவை. காது போன்ற ஆரிக்குலேரியா வெயிலில் கறுத்த பட்டைச் செதிலாக ஒட்டிக்கிடக்கும். நனைந்தால் ஊறிப் பெருத்துக் காதாகிவிடும். கடையில் காய்ந்த சரக்காக விற்பதைத் தண்ணீரில் போட்டால் நடப்பதுதான் கட்டையிலும் நடக்கிறது. ஸ்கைசோஃபில்லம் கம்யூன் இன்னும் நுட்பமானது. விசிறி போன்ற வெண்சாம்பல் உடல், அடியில் மடிப்பு மடிப்பாகச் செவுள்கள். ஒவ்வொரு செவுளும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்திருக்கும். காய்ந்தால் இரண்டு பாதிகளும் வெளிப்பக்கமாகச் சுருண்டு வித்துப்பரப்பை மூடிக்கொள்ளும். நனைந்தால் விரிந்து திரும்ப வித்து விடும். பிப்ரவரி வெயிலிலும் இது கணக்கில் வரும். ஆனால் ‘சுருண்ட நிலை’ என்று தனியாகக் குறிக்க வேண்டும்.

வருகைகளை இதை வைத்தே அமைக்கலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மழையோ வெயிலோ, அடிப்படை வருகை. அதோடு மழைக்குப் பின் வருகை: ஐந்து நாளாவது காய்ந்த பிறகு, மூன்று நாளுக்குள் மொத்தம் 20 மி.மீ.க்கு மேல் பெய்தால், மழை தொடங்கிய நாளிலிருந்து நான்காம் ஐந்தாம் நாளில் ஒருமுறை, பத்துப் பன்னிரண்டாம் நாளில் இன்னொரு முறை. முதல் வருகையில் மென்மையான குடைகளும், ஈரக்கிளையில் சிவப்பு, ஆரஞ்சுக் கிண்ணமாக வரும் குக்கீனாவும் அகப்படும். இரண்டாவது வருகையில் தோல் காளான்களின் புது விளிம்பு தெரியும். இந்த எண்கள் நடைமுறைக் கணக்குதான்; ஓர் ஆண்டு போனதும் உங்கள் குறிப்பேட்டைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். கட்டையின் பருமனும் கணக்கில் வரும். சுள்ளி ஒரே மழையில் ஊறி, இரண்டு மூன்று நாள் வெயிலில் காய்ந்துவிடும். 40 செ.மீ. தடிமனுள்ள அடிமரம் வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். வறண்ட வாரத்தில் பெருமரத்தில் எதையாவது பார்க்கலாம். அப்போது சுள்ளிக் குவியலில் நேரம் செலவிடுவது வீண்.

கட்டைகளைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் முதல் நாளே தவறுகிறார்கள். காளான் உள்ள கட்டைகளாகப் பார்த்துப் பொறுக்கினால், அந்தக் கணக்கு காளானை ஏற்கெனவே கண்டவரின் கணக்கு. அடுத்த மாதம் எண்ணிக்கை குறைவது தவிர வேறு வழியில்லை. ஒரு கிலோமீட்டர் பாதையைத் தேர்ந்தெடுங்கள். இரு பக்கமும் பாதையிலிருந்தே பார்க்கக்கூடிய, 10 செ.மீ.க்கு மேல் விட்டமும் ஒரு மீட்டருக்கு மேல் நீளமும் உள்ள கட்டைகளை வரிசையாக எண்ணி, முதல் முப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். வெறுங்கட்டையும் கட்டைதான். விட்டத்துக்குத் தையல்காரர் நாடாவால் சுற்றளவை எடுத்து 3.14ஆல் வகுத்தால் போதும். அடியில் நாடா நுழையாத கட்டைக்கு அறுத்த முகத்தில் நேராக அளக்கலாம். அனுமதியில்லாமல் தகடு அடிக்கவோ சாயம் பூசவோ கூடாது. கவிகைக்கு அடியில் கைப்பேசியின் ஜிபிஎஸ் பல மீட்டர் தள்ளிக் காட்டும். எனவே ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு படம், பக்கத்திலுள்ள நிலையான ஏதாவதொன்றைச் சேர்த்து: தூரக்கல், படிக்கட்டு, பலகை.

மக்கிய நிலைக்கு 1 முதல் 5 வரை எண் கொடுப்பது வழக்கம். கத்தி குத்திப் பார்க்கச் சொல்வார்கள். காப்புக்காட்டில் கத்தி வேண்டாம், மழுங்கிய பென்சில் முனையை அழுத்தினாலே தெரியும். பட்டை முழுதாக, மரம் விறைப்பாக இருந்தால் 1. பட்டை கழன்று, பென்சில் பதியாவிட்டால் 2. லேசாகப் பதிந்தால் 3. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நுழைந்தால் 4. உருவமே தட்டையாகி மண்ணோடு சேர்ந்திருந்தால் 5. இதற்கு மேல் நுணுக்கம் பார்க்க வேண்டியதில்லை. இருவர் பார்த்தால் ஒரே எண் வருவதுதான் முக்கியம்.

ஒரு கட்டைக்கு மூன்று நிமிடம். கடிகாரம் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பிடித்த கட்டையில் பத்து நிமிடம் போய்விடும். அடிப்பக்கத்தைப் பார்க்கக் கட்டையைப் புரட்டாதீர்கள். புரட்டினால் மண்ணோடு இருந்த ஈரத்தொடர்பு அறும். அடுத்த வருகையில் நீங்கள் எண்ணுவது நீங்களே காயவைத்த கட்டையை. பூரானும் தேளும் இருக்குமிடமும் அதுதான். நீண்ட பிடியுள்ள சிறு கண்ணாடியும் டார்ச்சும் போதும். பரவலாகப் படர்ந்து, குடையே இல்லாமல் பெயின்ட் பூசியது போலிருக்கும் மரக்காளான்கள் அடிப்பக்கத்தில்தான் இருக்கும். கண்ணாடி இல்லாதவர் பட்டியலில் அவை வருவதே இல்லை.

எண்ணும் அலகு கட்டை, குடை அல்ல. ஒரு கட்டையில் சாந்தோபஸ் 4 குடையோ 140 குடையோ, ‘கட்டை 9, உண்டு’ என்பதுதான் பதிவு. வெளியே 140 குடை தெரிந்தாலும் உள்ளே ஓடும் இழைவலை ஒன்றாகவே இருக்கலாம். பக்கத்தில் நிலையைக் குறியுங்கள்: மொட்டு, புதிது, வித்து விடுகிறது, பழையது, செத்தது. ஒன்றும் இல்லாவிட்டால் ‘இல்லை’ என்று எழுதுங்கள். காலியாக விட்ட கட்டத்துக்கு ‘பார்க்கவில்லை’ என்றும் பொருள் உண்டு. ஆறு மாதம் கழித்து எது எது என்று யாருக்கும் நினைவிருக்காது.

அறுத்த மரத்தின் இரு துண்டுகள் இங்கே பெரிய உதவி. பாதை அகன்று வெயில் விழும் இடத்தில் கிடக்கும் துண்டில் மேற்பரப்பு முழுக்க ஸ்கைசோஃபில்லம், கூடவே செங்காவி நிறத்தில் பைக்னோபோரஸ் சாங்குவினியஸ். அதே மரத்தின் மறுதுண்டு நாலு மீட்டர் தள்ளி நிழலில்: சாந்தோபஸ், சுற்றிலும் ஈரப் பாசி. மரம் ஒன்று, விழுந்த நாள் ஒன்று, பெய்த மழையும் ஒன்று; வேறுபடுவது வெயில். ஆகவே படிவத்தில் மேலே திறந்த வானம் எவ்வளவு என்ற ஒரு பத்தி கட்டாயம் வேண்டும். கைப்பேசியைக் கட்டை மேல் மல்லாத்தி வைத்து வானத்தை ஒரு படம் எடுத்தால் போதும்.

படம் எடுக்கும் வரிசை: கட்டை முழுதும், காளான் மேலிருந்து, பக்கவாட்டில், அடிப்பக்கம், மரத்தோடு ஒட்டும் இடம். ஐந்திலும் அளவுகோல். அடிப்பக்கப் படம் இல்லாத பதிவு பெரும்பாலும் பயன்படாது. துளையா, செவுளா, வழவழப்பா என்பதிலிருந்துதான் அடையாளமே தொடங்குகிறது. அடையாளம் காணும் கைப்பேசிச் செயலி சொல்லும் இனப்பெயரை அப்படியே எழுதுவதும் வேண்டாம். மரத்திலிருந்து தட்டுப் போல நீட்டிக்கொண்டிருக்கும் கெட்டிக் காளானுக்கு ‘கானோடெர்மா, ஆஸ்ட்ரேல் குழு’ என்று நிறுத்துவது கோழைத்தனம் அல்ல. அந்தக் குழுவுக்குள் கண்ணால் பிரிக்க முடியாத இனங்கள் உண்டு. கானோடெர்மாவைப் பற்றி இன்னொன்று. அடுக்கடுக்கான துளைப்படலங்களை எண்ணி வயது சொல்வது குளிர்நாட்டுப் பழக்கம். குளிர்காலமே இல்லாத இடத்தில் ஓர் அடுக்கு ஓர் ஆண்டு என்று கொள்ள முடியாது. அது இப்போது வளர்கிறதா என்று அறிய விளிம்பைப் பாருங்கள்: வெள்ளை விளிம்பு இருந்தால் வளர்கிறது. மேல்பக்கத்திலும் பக்கத்து இலைகளிலும் கொக்கோ தூவியது போல் பழுப்புத் தூள் படிந்திருந்தால் வித்து விடுகிறது.

எடுத்துவருவது பற்றி. காப்புக்காடுகளிலும் பூங்காக்களிலும் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி இல்லாமல் ஒரு சுள்ளியைக்கூட எடுக்கக் கூடாது. காளானும் அதில் அடக்கம். அனுமதி பெற்ற குழுவோடு போகிறவர்களுக்கு: பிளாஸ்டிக் பையில் போடாதீர்கள். 30 பாகையில் வியர்த்து அன்று மாலையே குழகுழத்துவிடும். தவிர, பிளாஸ்டிக் பையைக் கண்டால் சாப்பாடு என்று குரங்குகள் பழகிவைத்திருக்கின்றன. காகித உறை, அதைக் கெட்டியான டப்பாவில், டப்பாவை முதுகுப்பையில். வித்துத்தூள் பதிவுக்குப் பாதி வெள்ளை பாதி கறுப்புத் தாளில் கவிழ்த்து, மேலே கிண்ணம் மூடி, ஓர் இரவு. பிறகு 40 முதல் 45 பாகையில் உலர்த்தி, முறுக்குப் போல் நொறுங்கும் பதம் வந்ததும் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத பையில். இங்கே காற்றின் ஈரப்பதம் விடியலில் பெரும்பாலும் 90 விழுக்காட்டுக்கு மேல். உலர்த்தியதை மேசையில் ஓர் இரவு மறந்து வைத்தால் திரும்ப ஈரம் ஏறிப் பூசணம் பிடிக்கும். துளைக்காளானுக்குள் சிறு வண்டுகள் இருக்கும். சேமிக்குமுன் பையோடு உறைபெட்டியில் ஒரு வாரமாவது வைத்தால் தொல்லை இல்லை.

பழைய ரப்பர்த் தோட்டங்கள் காடாகிப்போன டெய்ரி ஃபார்ம், தாம்சன் பக்கம் போகிறவர்கள் இரண்டு காளான்களைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. ரிஜிடோபோரஸ் மைக்ரோபோரஸ், ரப்பரின் வெள்ளை வேர் நோய்க்குக் காரணம். புதிதில் ஆரஞ்சு மஞ்சள் நிறமாக இருக்கும், பழசானால் வெளிறிவிடும். இரண்டாவது, பழுப்பு வேரழுகல். இதற்குக் காரணமான பூஞ்சைக்கு 1932இல் இங்கிருந்து முதலில் பெயர் வைத்தவரும் கார்னர்தான்; இன்றைய பெயர் பைரோடெர்மா நாக்சியம். நிற்கும் மரத்தின் அடியில் பழுப்புக் காலுறை மாட்டியது போல், மண் ஒட்டிய படலமாக மேலேறும். சின்னத் துண்டில் 5 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டால் கறுக்கும். இந்தக் குடும்பத்துக்கே உள்ள குணம் அது, எனவே குடும்பம் தெரியுமே தவிர இனம் தெரியாது. இவ்விரண்டும் பருவம் பார்ப்பதில்லை. உயிருள்ள மரத்தின் வேரிலிருந்து ஈரம் வருவதால் மழைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பாதையோர மரத்தில் இப்படிக் கண்டால் கணக்கில் எழுதுவதோடு நிறுத்தாமல் பூங்காக் கழகத்துக்கும் தெரிவிக்க வேண்டும். வேர் போன மரம் காற்றில்லாமலும் சாயும்.

நேரம்: காப்புக்காட்டுப் பாதைகள் காலை 7 மணிக்குத் திறக்கும். ஏழரைக்குத் தொடங்கினால் முப்பது கட்டைக்கு, நடையும் படமும் சேர்த்து, மூன்று மணி நேரம். பதினொன்றுக்குள் வெளியே வந்துவிடலாம். பிற்பகல் இடிமழை பெய்யும் இடைப்பருவ மாதங்களில் மதியத்துக்கு மேல் காட்டில் நிற்பது மின்னலுக்கு அழைப்பு. தவிர, பிற்பகல் வெயிலில் மென்மையான குடைகள் துவண்டு, காலையில் ‘புதிது’ என்று எழுதியிருக்கக்கூடியது ‘பழையது’ ஆகிவிடும்.

கட்டைகள் தீர்ந்துகொண்டே வரும். கறையான் உள்ளே குடைந்து வெறும் கூடாக்கிவிடும். கனமழை சரிவில் உருட்டிவிடும். சில வேளை பாதையைச் சுத்தம் செய்கையில் எடுத்துப்போய்விடுவார்கள். போன கட்டைக்குப் பதிலாகப் பக்கத்தில் கிடக்கும் அழகான ஒன்றை அதே எண்ணில் சேர்த்துவிடும் ஆசை எல்லாருக்கும் வரும். சேர்க்காதீர்கள். புதுக்கட்டைக்கு 31 என்று எண் கொடுங்கள். பழைய வரிசையில் நாளும் மழையளவும் போட்டு, ‘14: கட்டை இல்லை, கறையான்’ என்று எழுதிவிட்டு 15க்குப் போங்கள்.